கடல் கடந்த கூலி

எஸ்பெராண்டோ என்னும் ஆக்க மொழியின் பேரகராதியைப் புரட்டுவோர் அதில் 'குலியோ' என்றொரு சொல்லைக் காண்பர். கீழ்த்திசை நாடுகளிலே சுமை தூக்கியும் மண் வெட்டியும் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் மனிதன் என்பது அதன் பொருள். ஈற்றில் நிற்கும் ஓகாரம் பெயர்ச்சொற்களுக்கு அம்மொழி வைத்திருக்கும் பொது அடையாளமாகும். அதனை நீக்கினால் எஞ்சுவது 'குலி'. அட்டனிலோ தலவாக்கொல்லையிலோ நுவரெலியாவிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் இச்சொல்லை முதன்முதலாகக் கேட்டாலும் இது இன்னாரென்று கண்டுகொள்வார். கண்டுகொண்ட பின் அவர் மகிழ்வாரா என்பது வேறு விஷயம்.

எஸ்பெராண்டோவை வகுத்தவர் லுடோவிக் சாமென்ஹாப் என்னும் கண் வைத்தியர். 1859ஆம் ஆண்டில், அந்நாளில் ருஷ்யப் பேரரசுக்குட்பட்டிருந்த பியாலிஸ்டாக் நகரில் அவர் பிறந்தார். யூதரும் போலந்தியரும் ருஷ்யரும் ஜெர்மானியரும் ஒரே தெருவில் வாழ்ந்து, ஒருவர் மொழியை மற்றவர் வெறுத்த ஊர் அது. யாவர்க்கும் பொதுவாக, எவர்க்கும் சொந்தமாகாத ஒரு மொழி இருப்பின் பகைமை குறையும் என்று அவர் நம்பினார். 1887இல் வார்சாவில் வெளியிட்ட சிறு நூலிலே தம் பெயரை மறைத்து 'நம்பிக்கையுள்ளவர்' என்று பொருள்படும் புனைபெயரை இட்டுக்கொண்டார். அப்பெயரே பின்னர் மொழிக்கும் பெயராயிற்று. இலக்கணம் பதினாறே விதிகள். அவற்றுள் பதினைந்தாவது விதி நம் கதைக்கு வேண்டியது. பல மொழிகளில் ஏற்கெனவே பரவிவிட்ட பொதுச்சொல்லை மாற்றாமல், எழுத்து முறையை மட்டும் எஸ்பெராண்டோவுக்கு இயைத்து ஏற்றுக்கொள்ளலாம் என்பது அவ்விதி. 'குலியோ' உள்ளே நுழைந்த வாயில் அதுதான். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஒல்லாந்தர், ருஷ்யர் எல்லாரும் அச்சொல்லை முன்னரே தங்கள் தங்கள் நாவில் ஏற்றியிருந்தார்கள்.

மலைநாட்டுக்கு உறவான மற்றொரு சொல்லும் அம்மொழியில் உண்டு. தேயிலைப் பானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'தேயோ'. சாமென்ஹாப்பைச் சுற்றி வாழ்ந்த ருஷ்யர் அதனைச் 'சாய்' என்றனர். போலந்தியர் 'ஹெர்பாத்தா' என்றனர்; அதாவது 'தே' என்னும் மூலிகை. சீன தேசத்தின் பூகியன் கரையில் வழங்கிய 'தே' என்னும் உச்சரிப்பை ஒல்லாந்துக் கப்பல்கள் மேற்கே கொண்டு சென்றன. தரைவழியே ஒட்டகம் ஏறிச் சென்றதும், மக்காவோ வழியாகப் போர்த்துக்கேயர் கைக்குச் சென்றதும் 'சா' என்னும் மற்றை உச்சரிப்பு. சாமென்ஹாப் கடல்வழி வந்ததையே தேர்ந்தார். தமிழும் அவ்வாறே செய்தது. 'தே' என்னும் சீனச் சொல்லோடு 'இலை' என்னும் தமிழ்ச்சொல்லைக் கூட்டித் 'தேயிலை' என்றாக்கி, அது வெளியூர்ச் சொல் என்பதே மறக்கும்படி செய்துவிட்டோம். இலங்கைத் தமிழர் 'தேத்தண்ணீர்' என்றும் சொல்வர். ஆக, தேயிலையின் பெயர் சீனத்திலிருந்து வந்தது. அதைப் பறித்த கைகளுக்கு உலகம் இட்ட பெயர் தமிழிலிருந்து சென்றது. முன்னதனால் எவர்க்கும் தீங்கில்லை. பின்னதன் வரலாறு அவ்வளவு எளிதன்று.

தமிழில் கூலி என்பது ஆளைக் குறிக்கும் சொல்லன்று. உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவதைக் குறிக்கும் சொல். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, 619ஆம் குறளில், இச்சொல் எத்துணை உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழ் கற்ற சிறுவரும் அறிவர். ஊழ் கைவிட்டாலும் உடல் வருந்திய வருத்தத்துக்கு உரிய பயன் வந்தே தீரும் என்று சொல்லவந்த வள்ளுவர், அப்பயனுக்குக் கூலி என்றே பெயரிட்டார். இழிவின் நிழல்கூட அங்கே இல்லை. வழக்கிலும் அப்படியே. வண்டிக்குக் கொடுப்பது வண்டிக்கூலி, தைப்பவர்க்குத் தையற்கூலி, நகைக்குச் செய்கூலி, குடியிருக்கும் வீட்டுக்குக் குடிக்கூலி. சிங்களத்திலும் இச்சொல் வேலைக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் வீட்டு வாடகையையும் குறிக்கிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய உடன்பிறப்பு மொழிகளிலும் ஊதியப் பொருளிலேயே உள்ளது. தானியத்துக்குக் 'கூலம்' என்பது பழம் பெயர்; கூலவாணிகன் சாத்தனார் என்ற பெயரிலே அது இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் ஊதியம் தானியமாகவே அளக்கப்பட்டதாதலின் கூலத்திலிருந்து கூலி பிறந்தது என்பாரும் உளர். பொருத்தமாகத் தோன்றினும் இதனை ஊகமென்றே கொள்வது நலம்.

உழைப்பவனைக் குறிக்க வேண்டுமானால் தமிழன் மற்றொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும்: கூலியாள், கூலிக்காரன். அந்த 'ஆள்' சிறிய சொல்தான். ஆனால் அதில்தான் மனிதன் இருக்கிறான். வெள்ளையர் கையில் இச்சொல் சென்றபோது ஊதியம் கப்பலேறியது. ஆள் கரையிலேயே நின்றுவிட்டான்.

இங்கே ஒரு வழக்கைக் கேட்டுத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இச்சொல்லின் மூலம் தமிழே என்று எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. குஜராத் பக்கத்திலே 'கோலி' என்றொரு வகுப்பார் உள்ளனர். போர்த்துக்கேயர் முதலில் அவர்களோடு பழகியவர்களாதலின் அக்குலப்பெயரே உழைப்பாளருக்குப் பொதுப்பெயராயிற்று என்பது ஒரு சாரார் கருத்து. துருக்கிய மொழியில் அடிமையைக் குறிக்கும் 'குல்' என்னும் சொல்லும் வடநாட்டு வழக்கில் இதனோடு கலந்திருக்கலாம் என்பர் வேறு சிலர். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் கோலி வகுப்பாரை முன்னே நிறுத்திவிட்டு, தமிழ்க் கூலியையும் அருகில் வைத்து ஆராய்கிறது. இவ்விருவருள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்தவர். கூலி என்றால் என்னவென்று தமிழர் வாயிலிருந்தே கேட்டிருக்கக்கூடியவர். சீனர் செய்தது இன்னும் வியப்பு. வெளியிலிருந்து வந்த இவ்வோசையை எழுத இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்தார்கள்: ஒன்றுக்குக் கசப்பு அல்லது துன்பம் என்று பொருள், மற்றொன்றுக்கு வலிமை என்று பொருள். ஓசையும் பொருந்தியது, பொருளும் பொருந்தியது. ஆதலால் இச்சொல் சீனத்திலேயே பிறந்ததென்று நம்புவாரும் இருக்கிறார்கள், அது பிழை.

பல ஓடைகள் ஓர் ஆற்றில் கலந்திருக்கலாம். எனினும் மத்திய மலைநாட்டைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமே இல்லை. அங்கே வந்தவர் தமிழர். அவர்கள் வாங்கியதற்குப் பெயர் கூலி. அவர்களை அழைத்த பெயரும் அதுவே.

எப்படி இது நேர்ந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீசியஸ் தீவுக்கும், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நேற்றாலுக்கும் பிஜிக்கும் இந்தியர் ஒப்பந்தச் சீட்டோடு ஏற்றப்பட்டனர். கியூபாவுக்கும் பெருவுக்கும் சீனர் ஏற்றப்பட்டனர். கப்பற்காரன் கணக்கிலே அரிசி இத்தனை மூட்டை என்று எழுதுவதுபோலக் கூலி இத்தனை பேர் என்று எழுதலாயினர். கணக்குப் புத்தகத்துக்கு மனிதனின் ஊரும் குடியும் வேண்டியதில்லை; அவனுக்காகும் செலவுதான் வேண்டும். செலவின் பெயரையே செலவுக்குரியவனுக்கும் இட்டுவிடுவது அப்புத்தகத்துக்கு வசதியாயிருந்தது. மொரீசியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்திலே அவர்கள் இறங்கிய படித்துறை நெடுங்காலம் 'கூலித்துறை' என்றே வழங்கிற்று. பின்பு 'அப்பிரவாசி காட்' என்று பெயர் மாறி, 2006இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இலங்கைக்கு வந்தவர்கள் அத்தகைய ஒப்பந்தச் சீட்டில் வரவில்லை. இங்கே நடந்தது கங்காணி முறை. 1820களில் கம்பளைப் பக்கத்திலே கோப்பிப் பயிர் தொடங்கியபோதே தமிழகத்து ஆட்கள் வரத் தொடங்கினர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். 1869இல் கோப்பி இலைகளில் ஒரு வகைப் பூஞ்சண நோய் தோன்றிப் பயிரையே அழித்தது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்களே ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். பருவத்துக்கு வந்து திரும்பியவர்கள் குடும்பத்தோடு தங்கலாயினர்.

இங்கும் மூன்று தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சட்டத்திலும் துரைமார் கணக்கிலும் ஏறின. கூலி ஒன்று. இரண்டாவது கங்காணி. கண் கொண்டு காணுபவன் என்ற பொருளில், கோயிற் கணக்கை மேற்பார்வை செய்தவர்களுக்குச் சோழர் கல்வெட்டுகள் வழங்கும் 'கண்காணி' என்ற கௌரவமான பெயர்தான் அது. மலைநாட்டில் அவன் ஊருக்குப் போய் ஆள் கட்டினான், முன்பணம் கொடுத்தான், வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் துரையிடமிருந்து தலைக்காசு பெற்றான். மூன்றாவது சொல் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இத்தொழிலாளர்மீது இவ்வளவு கடன் உண்டு, அதைக் கட்டுபவர்க்கு இவர்களை விட்டுவிடத் தடையில்லை என்று துரை எழுதித் தரும் காகிதமே துண்டு. கடன் பெரும்பாலும் கங்காணி எழுதிய கணக்கு. துண்டில் ஏறிய தொகை ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குப் போகையில் குறைந்ததாகச் சொல்ல முடியாது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். ஊதியம் என்ற சொல்லால் அழைக்கப்பட்டவன் கையில் ஊதியத்தைவிடக் கடனே மிகுதியாயிருந்தது. துண்டு முறையும், தோட்டத் தொழிலாளர்க்கு விதித்த அச்சிறைத்தண்டனையும் 1921இல்தான் நீங்கின.

சொல்லின் செல்வாக்கு மனிதனோடு நிற்கவில்லை. அவன் குடியிருந்த வரிசை வீடுகள் 'கூலி லைன்' ஆயின. அந்த 'லைன்' தமிழர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. அவன் பேசிய மொழிகூடத் தப்பவில்லை. தோட்டங்களில் புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் பயில்வதற்கென்று வெல்ஸ் என்பவர் எழுதி 1915இல் வெளிவந்த பாடநூலின் பெயர் 'கூலித் தமிழ்'. வள்ளுவர் ஆண்ட மொழிக்கு அம்மலையில் அப்படி ஒரு பெயர் சூட்டப்பட்டது! ஆயினும் அத்தகைய நூல்களை வெறுத்து ஒதுக்கிவிடுதல் தகாது. எந்த நேரத்தில் பிரட்டு, எந்த மலையில் எந்த வேலை, எதற்கு அபராதம் என்பதையெல்லாம் தோட்டத்துப் பேச்சிலேயே பதிந்து வைத்திருப்பவை அவை. வரலாறு எழுதப் புகுவோர்க்கு அவை வேண்டும்.

இதே சொல் வேறொரு கரையில் ஒரு வழக்கறிஞரையும் தொட்டது. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டார். வணிகர் கூலி வணிகர் எனப்பட்டனர். தமிழர்க்கு மற்றொரு பெயரும் உண்டு: 'சாமி'. முனிசாமி, கோவிந்தசாமி என்ற பெயர்களின் ஈற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளையர் அவ்வாறு அழைத்தனர். சுயமானமுள்ள சில இந்தியர் அதற்குச் சொன்ன விடையைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள். நான் உமக்கு எஜமான் அல்லவே என்பார்களாம். சாமிக்கு அப்படி ஒரு விடை கிடைத்தது. கூலிக்கு அத்தகைய விடை எளிதில் கிடைக்கவில்லை. ஏனெனில் அந்தச் சொல்லை எதிர்க்கும்போது, தான் உழைத்ததற்குக் கேட்கும் கூலியையும் அதே வாயால் உச்சரிக்க வேண்டியிருந்தது.

மலைநாட்டில் விடை வேறு விதமாக வந்தது. தஞ்சைப் பகுதியில் பிறந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், பிறர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள்ளே துணி வியாபாரிபோலச் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். பத்திரிகைகள் நடத்தினார், 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரோடு தோளிணைந்து மேடையேறிப் பாடியவர் அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாள். சம்மேளனத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது. தொழிலாளர் என்றபோது, கரையில் விடப்பட்ட அந்த 'ஆள்' மீண்டும் சொல்லுக்குள் வந்து சேர்ந்தான். எஸ்பெராண்டோவிலும் 'குலியோ'வுக்கு வேறாகத் தொழிலாளியைக் குறிக்கும் சொல் 'லபோரிஸ்டோ' என்று உண்டு. ஓர் அகராதியிலே இரண்டு சொற்கள் எதற்கு, இருவரும் ஒரே வேலையைத்தானே செய்கிறார்கள் என்று ஒரு தோட்டத்துச் சிறுவன் கேட்டால், அந்த அகராதிக்காரர் விடை சொல்லத் திணறுவார்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு இடங்களைப் பெற்றது. தலவாக்கொல்லையிலிருந்து சென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அதற்கு அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, இவர்களுள் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக்கிற்று. 1950இல் அவ்வியக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரில் இந்தியனுக்குப் பதிலாகத் தொழிலாளி வந்தான். ஏட்டில் மட்டும் குடிமகன் வரவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இருவரும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த ஒப்பந்தத்தில் கூலி என்ற சொல் இல்லை. ஆயினும் தலையெண்ணிப் பிரிக்கும் அந்தக் கணக்கு, பழைய கப்பற்காரனின் கணக்கை நினைவூட்டாமற் போகாது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று. 1823இல் முதற்கூட்டம் வந்ததாகக் கொண்டு, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பழைய வழியே மக்கள் நடந்து சென்றனர். 'மலையக மக்கள்' என்பது அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்.

தோட்டத்து வழக்கில் இன்னும் ஒரு சொல் இருக்கிறது. உலகின் அகராதிகளில் அது ஏறவில்லை. ஆயினும் கூலியின் கதைக்கு நேர் எதிரான கதை அதனுடையது. நாள் முழுவதும் வேலை செய்து, தோட்டம் விதித்த அளவுக்குக் கொழுந்து எடுத்தவர்க்குச் செக்றோலில் ஒரு 'பேர்' விழும். பேர் என்றால் இங்கே ஒரு நாட்சம்பளம். மாதத்தில் இத்தனை பேர் என்று கணக்கிட்டே சம்பளம் வழங்கப்படும். பிரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டுக் குறித்த வழக்கத்திலிருந்து இது வந்திருக்க வேண்டும். அங்கே வெள்ளையன் சம்பளத்தின் பெயரை மனிதனுக்கு இட்டான். இங்கே தமிழன் மனிதனின் பெயரைச் சம்பளத்துக்கு இட்டான். துரையின் புத்தகத்தில் கூலியாயிருந்தவர்கள், தங்கள் பேச்சிலே, தங்கள் உழைப்பைத் தங்கள் பேராலேயே எண்ணிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் பேரையும் வெட்டக்கூடும். நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் சம்பளச் சபை நிர்ணயித்த பின்னரும், விதித்த கிலோ நிறையாவிட்டால் பாதிதான். மழை பெய்து கொழுந்து இளைத்த நாளில், மாலைத் தராசிலே கூடையைக் கவிழ்த்த பெண்ணொருத்தி லயத்துக்குத் திரும்புகிறாள். இன்று எப்படி என்று வாசலில் மாமியார் கேட்கிறாள். "அரைப்பேர்தான் அத்தே" என்று சொல்லிவிட்டு அவள் தலையிலிருந்த கொங்காணியை உதறுகிறாள்.